திண்மநிலைச் சேமிப்பகமும் சாதன இயக்கியும்

திண்மநிலைச் சேமிப்பகம் என்பது சுழலும் தட்டுகளோ அசையும் பாகங்களோ இன்றி, மின்னணுச் சில்லுகளில் தரவுகளைச் சேமித்து வைக்கும் கணினி உறுப்பு ஆகும். இது எஸ்.எஸ்.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது. சாதன இயக்கி என்பது ஒரு வன்பொருளை இயங்குதளம் கையாள்வதற்குத் துணைசெய்யும் மென்பொருள் ஆகும். அச்சுப்பொறி, வரைகலை அட்டை முதலியவற்றை வாங்கும்போது அவற்றின் உற்பத்தியாளர் வழங்கும் இயக்கியை நிறுவ வேண்டியிருப்பதால், திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் அவ்வாறு தனி இயக்கி தேவையா என்னும் ஐயம் பலருக்கு எழுகின்றது.

பொதுவாக அவ்வாறு தேவையில்லை. மேசைக் கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் விற்கப்படும் திண்மநிலைச் சேமிப்பகங்கள் ஏறத்தாழ அனைத்தும் சாட்டா அல்லது என்.வி.எம்.இ. என்னும் பொதுச் சீர்தரங்களுள் ஒன்றைப் பின்பற்றுகின்றன. இவற்றைக் கையாளும் இயக்கிகள் தற்கால இயங்குதளங்களிலேயே அடங்கியுள்ளன. சில கணினிகளில் இயங்குதளத்தை நிறுவும்போது இயக்கி கேட்கப்படுவது உண்டு. எனினும் அது பெரும்பாலும் சேமிப்பகத்துக்கு உரிய இயக்கி அன்று. கணினியின் சேமிப்புக் கட்டுப்படுத்திக்கு உரியது. இவ்வேறுபாட்டை அறியாமையால் பழுதற்ற சேமிப்பகத்தைப் பழுதானது எனக் கருதி மாற்றுவதும், தேவையற்ற மென்பொருள்களை இணையத்திலிருந்து பதிவிறக்கி நிறுவுவதும் நிகழ்கின்றன.

சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் டிரைவ், டிரைவர் ஆகிய இரண்டும் வெவ்வேறு பொருள் கொண்ட சொற்கள். முன்னையது தரவைச் சேமிக்கும் வன்பொருளையும், பின்னையது அதனைக் கையாளும் மென்பொருளையும் குறிக்கும். தமிழில் இவ்விரண்டுக்குமே இயக்கி என்னும் சொல் வழங்கி வருவதால் குழப்பம் நேர்கின்றது. இக்கட்டுரையில் வன்பொருள் சேமிப்பகம் என்றும், மென்பொருள் இயக்கி என்றும் குறிக்கப்படுகின்றன. சேமிப்பகத்தின் உள்ளேயே பதிந்து இயங்கும் மென்பொருள் நிலைபொருள் எனப்படும்.

இயக்கியின் பணி

ஒரு பயன்பாட்டு மென்பொருள் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அந்த வேண்டுகோள் முதலில் இயங்குதளத்தின் கோப்பு முறைமைக்குச் செல்கின்றது. கோப்பு முறைமை அதனை எண்ணிடப்பட்ட தரவுத் தொகுதிகளுக்கான வேண்டுகோளாக மாற்றுகின்றது. சேமிப்பு இயக்கி அதனைக் கட்டுப்படுத்திக்குப் புரியும் கட்டளையாக்கி அனுப்புகின்றது. இத்தனையாவது எண்ணுள்ள தொகுதியைப் படி, இத்தனையாவது தொகுதியில் எழுது என்பன போன்ற எளிய கட்டளைகளே இவற்றுள் பெரும்பாலானவை.

உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும் நுட்பங்கள் இதற்கு அப்பால் சேமிப்பகத்தின் உள்ளே நிகழ்கின்றன. பளிச்சீட்டு நினைவகச் சில்லுகளில் ஏற்கனவே எழுதிய இடத்தின் மீது நேரடியாக மீண்டும் எழுத இயலாது; அதனை உள்ளடக்கிய பெரிய பகுதி முழுவதையும் முதலில் அழித்தல் வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் அழித்து எழுதும் தடவைகளுக்கும் எல்லை உண்டு. எனவே எந்தத் தொகுதி எந்தச் சில்லில் உள்ளது என்னும் அட்டவணையைப் பேணுதல், தேய்மானத்தை எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகப் பகிர்தல், பிழைகளைத் திருத்துதல் ஆகிய பணிகள் தொடர்ந்து நடைபெறுகின்றன. இவற்றைச் சேமிப்பகத்தில் உள்ள தனிச் செயலியும் நிலைபொருளும் செய்துகொள்கின்றன. வெளியே இருக்கும் இயங்குதளத்துக்கு இவை தெரிய வேண்டியதில்லை. உற்பத்தியாளருக்கே உரிய இயக்கி தேவைப்படாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

சாட்டா வகைக்கும் என்.வி.எம்.இ. வகைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சாட்டா வகையில் இயக்கியின் கட்டளைகளைப் பெறும் கட்டுப்படுத்தி கணினியின் தாய்ப்பலகையில் உள்ளது. சேமிப்பகம் அதன் பின்னால் இணைக்கப்படுகின்றது. ஆகவே வன்தட்டை எடுத்துவிட்டு அதே இணைப்பில் சாட்டா திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் இயக்கியைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் இல்லை. என்.வி.எம்.இ. வகையில் கட்டுப்படுத்தி சேமிப்பகத்திலேயே அமைந்து, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாட்டையுடன் நேரடியாக இணைகின்றது. எனினும் எல்லா நிறுவனங்களின் கட்டுப்படுத்திகளும் ஒரே கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவதால் ஒரே இயக்கி அனைத்துக்கும் போதுமானது.

வகைக் குறியீட்டு எண்

இயங்குதளம் பொருத்தமான இயக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை எளியது. பி.சி.ஐ. வழி இணையும் ஒவ்வொரு சாதனமும் தன் உற்பத்தியாளர் எண்ணுடன், தான் எவ்வகைச் சாதனம் என்பதைக் கூறும் மூன்று பகுதி எண் ஒன்றையும் தாங்கியுள்ளது. ஏ.எச்.சி.ஐ. முறையில் இயங்கும் சாட்டா கட்டுப்படுத்தியின் எண் 01-06-01 ஆகும். என்.வி.எம்.இ. சேமிப்பகத்தின் எண் 01-08-02 ஆகும். முதலில் உள்ள 01 சேமிப்புச் சாதனம் என்பதைக் குறிக்கும். இயங்குதளம் உற்பத்தியாளரின் பெயரைப் பொருட்படுத்தாமல் இவ்வகை எண்ணைக் கண்டு பொது இயக்கியை ஏற்றுகின்றது. விசைப்பலகையையோ யூ.எஸ்.பி. நினைவகக் குச்சியையோ செருகியவுடன் தனி இயக்கி இன்றி அது செயற்படுவதும் இதனையொத்த வகைக் குறியீட்டினால்தான்.

வரலாறு

தனி இயக்கி தேவை என்னும் எண்ணத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஏ.எச்.சி.ஐ. இயக்கி இல்லை. ஏ.எச்.சி.ஐ. 2004 இல்தான் வெளிவந்தது. இதனால் ஏ.எச்.சி.ஐ. முறையில் இயங்கும் கணினியில் எக்ஸ்.பி.யை நிறுவுவோர் தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டிலிருந்து இயக்கியை ஏற்ற வேண்டியிருந்தது. அப்போதும் ஏற்றப்பட்டது தாய்ப்பலகைக் கட்டுப்படுத்திக்கான இயக்கியே அன்றி வன்தட்டுக்கானது அன்று. விண்டோஸ் விஸ்டா முதல் ஏ.எச்.சி.ஐ. இயக்கி இயங்குதளத்துடனேயே வந்தது.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழி இணைந்த தொடக்ககாலத் திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கு உண்மையிலேயே உற்பத்தியாளரின் தனி இயக்கி தேவைப்பட்டது. 2005 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஃபியூஷன்-ஐ.ஓ. நிறுவனத்தின் சேமிப்பு அட்டைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். இவற்றில் தரவு இடங்களின் அட்டவணையைப் பேணும் பணியைக் கணினியின் செயலியையும் நினைவகத்தையும் கொண்டு இயக்கியே செய்தது. அதனால் விரைவு கிடைத்தது. ஆனால் இயக்கி இன்றி அட்டை பயன்படாது. இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு உற்பத்தியாளர் இயக்கி வெளியிடாவிடில், பழுதற்ற அட்டையும் பயனற்றுப் போகும் நிலை இதனால் உருவானது. இந்நிறுவனத்தை 2014 இல் சான்டிஸ்க் நிறுவனம் வாங்கியது.

இச்சிக்கலைத் தீர்க்கும் நோக்கில் பல நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய என்.வி.எம்.இ. சீர்தரத்தின் முதற் பதிப்பு 2011 மார்ச் 1 அன்று வெளியிடப்பட்டது. ஏ.எச்.சி.ஐ. முறையில் ஒரு இணைப்புக்கு 32 கட்டளைகள் கொண்ட ஒரே வரிசை மட்டுமே உண்டு. இது சுழலும் தட்டின் வேகத்தைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. என்.வி.எம்.இ. முறையில் 65,535 வரிசைகள் வரையிலும், ஒவ்வொரு வரிசையிலும் 65,536 கட்டளைகள் வரையிலும் இடம் உண்டு. 2012 இல் வெளியான லினக்ஸ் 3.3 கருவிலும், 2013 இல் வெளியான விண்டோஸ் 8.1 இலும் இதற்கான பொது இயக்கி இடம்பெற்றது. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 இல் ஆகையால் அதில் இவ்வியக்கி இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் பின்னர் இதனைத் தனி இணைப்பாக வெளியிட்டது.

இயக்கி தேவைப்படும் சூழல்கள்

கீழ்க்காணும் சூழல்களில் இயக்கியோ அதற்கு ஈடான மாற்றமோ தேவைப்படலாம்.

* இன்டெல் வி.எம்.டி. முறை: இன்டெல் நிறுவனத்தின் 11 ஆம் தலைமுறைச் செயலிகள் முதல் பல மடிக்கணினிகளில் என்.வி.எம்.இ. சேமிப்பகம் வி.எம்.டி. என்னும் கட்டுப்படுத்தியின் பின்னால் மறைக்கப்பட்டிருக்கும். அப்போது விண்டோஸ் நிறுவி 01-08-02 என்னும் எண்ணைக் காணாது. சேமிப்பகங்கள் எவையும் இல்லை எனத் தெரிவிக்கும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்.எஸ்.டி. இயக்கியைப் பெற்று, நிறுவியின் இயக்கியை ஏற்றும் தெரிவின் மூலம் அதனைக் கொடுத்தால் சேமிப்பகம் தோன்றும். பயாஸ் அமைப்பில் வி.எம்.டி.யை நிறுத்திவிடுவது மற்றொரு வழி ஆகும்.
* ரெய்டு முறை: இதற்கு முந்தைய சில மடிக்கணினிகளில் கட்டுப்படுத்தி ரெய்டு முறையில் அமைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் நிறுவிகள் சிலவற்றுக்கு அப்போது சேமிப்பகம் தெரியாது. ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றினால் தெரியும்.
* பழைய இயங்குதளங்கள்: விண்டோஸ் 7 இல் என்.வி.எம்.இ. வகையைப் பயன்படுத்த மேற்கூறிய இணைப்போ உற்பத்தியாளரின் இயக்கியோ தேவை.
* பழைய பயாஸ்: இயங்குதளம் ஏற்றப்படும் முன்னரே சேமிப்பகத்தைப் படிக்கும் திறன் கணினியின் நிலைபொருளுக்கு இருத்தல் வேண்டும். இத்திறன் இல்லாத பழைய தாய்ப்பலகையில் என்.வி.எம்.இ. சேமிப்பகத்தைத் தரவுகள் வைக்கப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலிருந்து கணினியைத் தொடங்க இயலாது. இதனை விண்டோஸ் இயக்கியால் சரிசெய்ய முடியாது.

முன்பே விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள கணினியில் வி.எம்.டி. அல்லது ரெய்டு முறையைத் திடீரென மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடக்கூடும். அடுத்த முறை பாதுகாப்பு முறையில் தொடங்குமாறு விண்டோசை முதலில் அமைத்து, அதன் பின்னரே பயாசில் மாற்றம் செய்தல் வேண்டும். பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள கணினிகளில் மீட்புத் திறவுகோலை முன்னரே குறித்து வைத்தல் இன்றியமையாதது. அது இல்லையெனில் தரவுகளைத் திரும்பப் பெற இயலாது போகலாம்.

இயக்கிக் குறைபாடு எனத் தவறாகக் கருதப்படுபவை

புதிதாகப் பொருத்திய சேமிப்பகம் கோப்பு உலாவியில் தோன்றாததே பெரும்பாலும் இயக்கியைத் தேடத் தூண்டுகின்றது. புதிய சேமிப்பகத்தில் பகிர்வு அட்டவணையோ கோப்பு முறைமையோ இராது. விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியில் அதனைத் தொடக்கநிலைப்படுத்தி, பகிர்வு உருவாக்கி, வடிவமைத்த பின்னரே அதற்கு ஓர் எழுத்துக் கிடைக்கும். வட்டு மேலாண்மையில் சேமிப்பகம் தென்படுகின்றது என்றால் இயக்கி ஏற்கனவே செயற்படுகின்றது என்பதே பொருள்.

எம்.2 என்பது இணைப்பின் வடிவத்தை மட்டுமே குறிக்கும் பெயர் ஆகும். அவ்வடிவில் சாட்டா சேமிப்பகங்களும் உள்ளன, என்.வி.எம்.இ. சேமிப்பகங்களும் உள்ளன. சில கணினிகளின் எம்.2 துளை இவற்றுள் ஒன்றை மட்டுமே ஏற்கும். மாறான வகையைப் பொருத்தினால் அது பயாசிலும் தெரியாது; எந்த இயக்கியும் அதற்கு உதவாது. ஆகவே சேமிப்பகம் தென்படாதபோது முதலில் பயாஸ் அமைப்பில் அதன் பெயர் உள்ளதா எனப் பார்த்தல் பயனுள்ளது. அங்கு இல்லையெனில் பொருத்தியதில் குறை, வகை மாறுபாடு அல்லது வன்பொருட் பழுது காரணமாகலாம். அங்கு இருந்து, நிறுவியில் மட்டும் இல்லையெனில் கட்டுப்படுத்தியின் முறையோ இயக்கியோ காரணமாகலாம். நிறுவப்பட்ட இயங்குதளத்தின் வட்டு மேலாண்மையில் இருந்து, கோப்பு உலாவியில் மட்டும் இல்லையெனில் வடிவமைத்தலே எஞ்சியுள்ளது.

உற்பத்தியாளர் வழங்கும் மென்பொருள்கள்

சாம்சங் நிறுவனம் தனது 950 ப்ரோ, 960, 970 வரிசை என்.வி.எம்.இ. சேமிப்பகங்களுக்கு விண்டோஸ் இயக்கி ஒன்றை வெளியிட்டது. எனினும் அது விருப்பத் தெரிவே ஆகும். அதனை நிறுவாமலும் அவை விண்டோஸ் 10 இல் பொது இயக்கியைக் கொண்டு இயங்குகின்றன.

பயன்படுத்தாத தொகுதிகளைச் சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளைக்கும் தனி இயக்கி தேவையில்லை. விண்டோஸ் 7 முதலும், 2010 இல் வெளியான லினக்ஸ் 2.6.33 கரு முதலும் இவ்வசதி இயங்குதளத்திலேயே உள்ளது.

இயக்கியை விட நிலைபொருள் இற்றைப்படுத்தலே கூடுதல் கவனத்துக்கு உரியது. 2019 நவம்பரில் எச்.பி. எண்டர்பிரைஸ் நிறுவனம், வழங்கிகளில் பயன்படும் தனது எஸ்.ஏ.எஸ். வகைத் திண்மநிலைச் சேமிப்பகங்கள் சில, 32,768 மணிநேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என அறிவித்தது. இது 3 ஆண்டு, 270 நாள், 8 மணிநேரம் ஆகும்; 32,768 என்பது 2 இன் 15 ஆம் அடுக்கு என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாறு செயலிழந்த பின் சேமிப்பகத்தையும் தரவுகளையும் மீட்க இயலாது. ஒரே நாளில் பயன்பாட்டுக்கு வந்த சேமிப்பகங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செயலிழக்கும் ஆகையால், ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்திருந்த படிகளும் சேர்ந்தே அழிந்துவிடும் ஆபத்து இருந்தது. இதற்குத் தீர்வாக வந்தது புதிய நிலைபொருளே. நிலைபொருளை இற்றைப்படுத்தும் முன் தரவுகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் நன்று.

தமிழ்நாட்டு அரசு மடிக்கணினிகளும் கொல்லிமலையும்

பொதுச் சீர்தரத்தின் பயனைத் தமிழ்நாட்டு அரசின் மடிக்கணினித் திட்டங்களில் தெளிவாகக் காணலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் இவற்றைப் பல நிறுவனங்களிடமிருந்து கொள்முதல் செய்தது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் வன்தட்டு இருந்தது. விண்டோசும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கல்லூரி மாணவர்களுக்கான திட்டத்தின் மடிக்கணினிகளுக்கு 256 ஜி.பி. திண்மநிலைச் சேமிப்பகம் வரையறுக்கப்பட்டது. இவற்றுக்கும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்கள் குறிக்கப்பட்டன. ஒரே சேமிப்பகத்தை வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த இரு இயங்குதளங்கள் பயன்படுத்துவதும், ஒரே வரையறைக்குப் பல நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளி அளிப்பதும் பொதுச் சீர்தரம் இருப்பதால்தான் எளிதாகின்றன.

2011 திட்டம் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பொதுவானது ஆகையால், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளும் அதில் அடங்கின. கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வன்தட்டின் எழுதுமுனை மெல்லிய காற்றடுக்கின் மீது மிதப்பதால் அதற்கு உயர வரம்பு உண்டு. அது வழக்கமாக 3,000 மீட்டர் அளவில் குறிக்கப்படும். ஆகவே கொல்லிமலையின் உயரம் வன்தட்டுக்குத் தடையன்று. ஆனால் இயங்கும் நிலையில் ஏற்படும் அதிர்வும் குலுக்கலும் அதற்குத் தீங்கானவை. திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பாகம் இல்லாமையால் இத்தீங்கு பெரிதும் குறைகின்றது.

வேகம் குறைந்த பழைய மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டுக்கு மாற்றாக, அதே அளவுள்ள சாட்டா திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தலாம். வன்தட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமனும் சேமிப்பகம் 7 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டிருப்பின் சிறு சட்டம் தேவைப்படலாம், இயக்கி தேவைப்படாது. புதிய சேமிப்பகத்தை யூ.எஸ்.பி. இணைப்பியில் செருகி, குளோன்சில்லா போன்ற கட்டற்ற மென்பொருளால் வன்தட்டின் உள்ளடக்கத்தை அப்படியே படியெடுத்து, பின்னர் இடம் மாற்றிப் பொருத்துவது ஒரு முறை ஆகும். யூ.எஸ்.பி. இணைப்பியும் பொது வகைச் சாதனமே ஆகையால் அதற்கும் தனி இயக்கி வேண்டியதில்லை. பயாசில் உள்ள கட்டுப்படுத்தி முறையை மட்டும் மாற்றாமல் விடுதல் வேண்டும்.

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது, பிணைய இயக்கி இல்லாத நிலையில் அதே கணினியில் பதிவிறக்கம் செய்ய இயலாது. பழுதுபார்க்கும் கடைக்கு மலையிறங்கிச் செல்ல வேண்டிய இடங்களிலும், இணைய இணைப்பு வலுவற்ற இடங்களிலும் இது பெரும் இடராகும். நிறுவல் தொடங்கும் முன்னரே மடிக்கணினியின் வகைப் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து சேமிப்புக் கட்டுப்படுத்தி இயக்கியையும் பிணைய இயக்கியையும் நினைவகக் குச்சி ஒன்றில் எடுத்து வைத்தால் இவ்விடரைத் தவிர்க்கலாம். இயக்கி சுருக்கப்பட்ட கோப்பாகக் கிடைத்தால் அதனை விரித்து வைத்தல் வேண்டும். நிறுவி விரிக்கப்பட்ட கோப்புகளை மட்டுமே படிக்கும். சேமிப்பகத்தை விற்ற நிறுவனத்தின் தளத்தில் இவ்வியக்கியைத் தேடுவதில் பயனில்லை.

இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* பளிச்சீட்டு நினைவகம்
* இயங்குதளம்
* நிலைபொருள்
* பாஸ் லினக்ஸ்
* கொல்லிமலை